அப்பாவின் ஆர்எக்ஸ் 100-க்கு ஹேண்டில் ரைசர்: 30 மி.மீ. கழற்றி 20 மி.மீ. போட்ட கதை

வண்டி 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. அப்பா ஓட்டியது, இப்போது என்னிடம். அப்பா ஐந்தடி நாலங்குலம், நான் ஆறடி. கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி வரை போய் இறங்கினால் இடுப்புக்கு மேலே ஒரு பிடிப்பு வந்துவிடும். உள்ளங்கையின் அடிப்பகுதி மரத்துப் போயிருக்கும். உட்கார்ந்திருக்கும்போது உடம்பின் எடை கைகளில் இறங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஹேண்டில்பார் ஒரு அங்குலம் மேலே வந்து, கொஞ்சம் பின்னாலும் வந்தால் போதும் என்று தோன்றியது. ஹேண்டில்பாருக்கு அடியில் வைத்து அதை உயர்த்தும் ரைசர் கட்டைகளை வாங்கினேன்.

அதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட் நாலையும் தளர்த்தி, அதைப் பின்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்க வேண்டும். செலவே இல்லை. அதில் சரியாகவில்லை என்றால், அதே 22 மி.மீ. குழாயில் இன்னும் உயரமாக வளைத்த ஹேண்டில்பார் கடைகளில் கிடைக்கிறது. ரைசரைவிட அது பாதுகாப்பு என்றே நினைக்கிறேன். காரணம், புதிதாக எந்த இணைப்பும் சேர்வதில்லை. ஒரே இரும்புக் குழாய், பழைய கிளாம்ப், பழைய போல்ட். யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன். நான் அதைச் செய்யாததற்குக் காரணம் என்னுடைய ஆசைதான். அப்பாவின் கை பட்டுப் பட்டு வலது பக்கம் குரோம் மங்கிப்போன அந்த ஹேண்டில்பாரைக் கழற்றிப் பரணில் போட மனது வரவில்லை.

வாங்கிய ரைசர் இரண்டு தனித்தனி அலுமினியக் கட்டைகள், உயரம் 30 மி.மீ. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் மேலே சேர்த்துப் பிடிக்கிற துண்டுதான் மேல் டீ. அதில் ஹேண்டில்பார் உட்காருகிற அரைவட்டப் பள்ளம் இருக்கிறதல்லவா, அந்தப் பள்ளத்தில் உட்காரும்படி கட்டையின் அடிப்பாகம் அரைவட்டமாகத் துருத்திக்கொண்டிருக்கும். கட்டையின் தலையில் அதேபோல ஒரு பள்ளம். அதில் ஹேண்டில்பாரை வைத்து, பழைய மேல் மூடியைப் போட்டு, நீள போல்ட்டால் மூடி, ரைசர், டீ மூன்றையும் ஒன்றாக இறுக்கிவிட வேண்டியதுதான். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. பள்ளம் 28 மி.மீ. தடிமன் பாருக்காக வெட்டியது. நம் 22 மி.மீ. பாருக்கு வளையம் மாதிரி ஒரு ஸ்லீவ் தந்திருந்தார்கள். அப்போதே ஒதுக்கியிருக்க வேண்டும். ஒரு கிளாம்புக்குள் இன்னொரு வளையம் என்றால் நழுவ இன்னொரு இடம் என்று அர்த்தம்.

வேலையைத் தெரிந்த கடை ஒன்றில் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தார்கள். உட்கார்ந்து பார்த்தால் சொர்க்கம். முதுகு நிமிர்ந்தது, முழங்கை லேசாக மடங்கியது. வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன். பழக்கதோஷத்தில் வெள்ளை பெயின்ட் மார்க்கரை எடுத்து மேல் மூடி, ஹேண்டில்பார், ரைசர், டீ நாலையும் குறுக்கே தொடும்படி இரண்டு பக்கமும் ஒரு கோடு இழுத்தேன். ஏதாவது நகர்ந்தால் கோடு உடையும். இன்ஜின் போல்ட்டுகளுக்குச் செய்கிற வேலைதான்.

எட்டாவது நாள். மருதமலை அடிவாரத்தில் ஒரு வேகத்தடை தெரியாமல் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். கையில் ‘டக்’ என்று ஒரு சின்ன அசைவு. சத்தம்கூட இல்லை, உணர்வு மட்டும். ஓரமாக நிறுத்திக் கோட்டைப் பார்த்தேன். வலது பக்கம் கோடு ஒழுங்காக இருந்தது. இடது பக்கம் ரைசருக்கும் டீக்கும் நடுவே கோடு உடைந்து, மேல் துண்டு முன்னால் 2 மி.மீ. தள்ளியிருந்தது. ஒரு கட்டை அப்படியே இருக்க, மற்றது தன் பள்ளத்திலேயே முன்பக்கமாக உருண்டிருக்கிறது. நகக்கண் அளவு வித்தியாசம். ஆனால் அதைப் பார்த்த நிமிடத்தில் உடம்பு சில்லிட்டுவிட்டது. அங்கிருந்து வீடு வரை இருபது கிலோமீட்டர் வேகத்தில், முன் பிரேக்கைத் தொடாமல் வந்தேன்.

மறுநாள் காலை எல்லாவற்றையும் கழற்றினேன். இடது பின் போல்ட் ஆலன் கீக்கு எதிர்ப்பே காட்டாமல் வந்தது. அதன் நுனியைச் சுற்றிப் பென்சில் சீவிய சுருள் மாதிரி மெல்லிய அலுமினியச் சுருள் ஒட்டிக்கொண்டிருந்தது. டீயின் மரை உரிந்து போல்ட்டோடு வந்துவிட்டது.

ஏன் உரிந்தது என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது, மாட்டுவதற்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டியது. மூடி, ஹேண்டில்பார், ரைசர் மூன்றையும் மேசை மேல் அடுக்கிப் போல்ட்டைச் செருக வேண்டும். அடியில் எட்டிப் பார்க்கிற நீளம்தான் டீக்குள் இறங்கும் நீளம். என் பழைய போல்ட் 35 மி.மீ. அதில் மூடியும் இடைவெளியும் 20 போக 15 மி.மீ. டீக்குள் போயிருந்தது. ரைசரோடு வந்த போல்ட் 55 மி.மீ. மூடிக்கு 20, ரைசருக்கு 30 போனால் மிச்சம் 5. எட்டு மி.மீ. போல்ட்டில் மரைக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ. ஆக நாலே நாலு சுற்று மரைதான் என் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதுவும் முப்பது வருடத்து அலுமினியத்தில். அந்த போல்ட் அநேகமாக 20 மி.மீ. ரைசருக்கானதாக இருக்கும், பெட்டி மாறிப் போட்டிருப்பார்கள். மாட்டியவர் நீளத்தைப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரும்பு மரையில் போல்ட்டின் தடிமன் அளவுக்கு உள்ளே இறங்கினால் போதும் என்பார்கள். அலுமினியத்தில் அதில் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வேண்டும். 8 மி.மீ. போல்ட் என்றால் 12 முதல் 16 மி.மீ. ‘ரைசர் போடலாமா, பாதுகாப்பா’ என்று யார் கேட்டாலும் என் முதல் பதில் இப்போது இந்தக் கணக்குதான். பளபளவென்று கண்ணுக்குத் தெரிகிற கட்டை உடைவது அபூர்வம். போல்ட் உடைவதும் அபூர்வம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மரைதான் உரிகிறது.

விசையையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வண்டியில் கைப்பிடி, கிளாம்பிலிருந்து சுமார் 10 செ.மீ. மேலே இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது இரண்டு கையும் சேர்ந்து 40 கிலோ எடைக்குச் சமமாக முன்னால் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். டீயில் விழுகிற திருப்பு விசை சுமார் 40 நியூட்டன் மீட்டர். ரைசரால் 3 செ.மீ. கூடினால் 52. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதிகம். 5 செ.மீ. ரைசர் என்றால் ஒன்றரை மடங்கு. முன்னும் பின்னுமாக மூன்றரை செ.மீ. இடைவெளியில் இருக்கிற போல்ட்டுகள் இதைத் தாங்க வேண்டும். பின் போல்ட் இரண்டும் மேலே இழுபடும். கணக்கில் ஒரு போல்ட்டுக்கு 75 கிலோவைத்தான் நெருங்குகிறது. நல்ல 8.8 ரகப் போல்ட்டுக்கு (இந்த எண் போல்ட்டின் வலுவைக் குறிப்பது) இது ஒரு பொருட்டே இல்லை. நாலு சுற்று அலுமினிய மரை தளராமல் இறுக்கத்தைப் பிடித்து வைக்க வேண்டும் என்றால்தான் பிரச்சினை. இறுக்கம் போனதும் கட்டை உருளத் தொடங்குகிறது.

டீயைத் தூக்கிக்கொண்டு கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்தவர் துளைக்குள் விரல் நுனியை வைத்துத் தடவிப் பார்த்தார்.

“மரை முழுசாப் போயிருச்சுங்க தம்பி. பக்கத்துத் துளையும் பாதி உசுருலதான் இருக்குது.”

“வெல்டு வெச்சு அடைச்சுட்டு மறுபடி மரை போட முடியுங்களாண்ணா?”

“வெச்சுத் தர்றேன்னு சொல்றவங்க இருக்காங்க. வெச்சுராதீங்க. சூடு காட்டுனா அந்த இடத்துல அலுமினியம் செத்துப்போயிரும். இது ஹேண்டில் உட்கார்ற இடம். காயில் போட்டுத் தர்றேன், நாலு துளைக்கும்.”

காயில் என்றால் ஹெலிகாயில். பழைய துளையை 8.3 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கி, அதற்கென்றே இருக்கும் டேப்பால் மரை வெட்டி, ஸ்பிரிங் மாதிரி சுருட்டிய ஸ்டெயின்லெஸ் கம்பியை உள்ளே திருகி இறக்குவார்கள். கம்பியின் உள்பக்கம் பழைய 8 மி.மீ. மரையாகவே இருக்கும். வெளிப்பக்கம் பெரிய விட்டத்தில் அலுமினியத்தைப் பிடிப்பதால், புது டீயின் மரையைவிடக்கூட இது உறுதி. உரிந்தது ஒரு துளை என்றாலும் நாலுக்கும் போட்டது சரியான முடிவு. நாலும் ஒரே மாதிரி இறுகும்.

காயில் போடுவதற்கு முன் டீயில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். அதை நான் வீட்டிலேயே செய்தேன். மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது, டீசல்தான். டீயை நன்றாகக் கழுவிக் காயவைத்து, டீசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். எடுத்துத் துணியால் அழுத்தித் துடைத்து, சாக்பீஸைப் பொடி செய்து மேலே தூவி வெயிலில் வைத்தேன். விரிசல் இருந்தால் அதற்குள் போன டீசல் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் தலைமுடி மாதிரி ஒரு கருங்கோடு வரும். அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளத்தின் ஓரத்தில் ஒரு கோடு மாதிரி தெரிந்து மனசு திக்கென்றது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வார்ப்பின் விளிம்பு. வேறு எங்கும் கோடு வரவில்லை. வந்திருந்தால் காயிலும் வேண்டாம், ரைசரும் வேண்டாம், வேறு டீதான்.

அடுத்து ரைசர். அந்த இரட்டைக் கட்டையை மறுபடி போட மனமில்லை. தனித்தனிக் கட்டைகளாக இருந்தால் ஒன்று உருண்டு மற்றது நிற்கும், என் வண்டியில் நடந்ததே அதுதான். லேத் அண்ணனிடமே எச்இ 30 ரக அலுமினியத்தில் ஒரே துண்டாகச் செய்யச் சொன்னேன். இடது வலது இரண்டு பள்ளத்திலும் ஒரு சேர உட்காரும் பாலம் மாதிரி, உயரம் 20 மி.மீ. மேல் பள்ளம் சரியாக 22.2 மி.மீ. பாருக்கு, ஸ்லீவ் கிடையாது. நாலு போல்ட்டும் ஒரே துண்டைப் பிடிப்பதால் ஒரு பக்கம் மட்டும் உருள வழியில்லை. டீயின் பள்ளத்தில் நீலச் சாயம் தடவி, துண்டை வைத்து எடுத்து, எங்கே ஒட்டியிருக்கிறது எங்கே ஒட்டவில்லை என்று பார்த்து இரண்டு தடவை சீவினார். கடைசித் தடவை எடுத்தபோது அரைவட்டம் முழுக்க நீலம் பிடித்திருந்தது. துண்டுக்கும் காயிலுக்கும் சேர்த்து 2,200 ரூபாய். கடையில் வாங்கிய ரைசரைவிட இரண்டு மடங்கு. கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் தகும்.

20 மி.மீ. போதுமா என்று சந்தேகம் இருந்தது. ஃபோர்க் பின்னால் சாய்ந்திருக்கிறது அல்லவா, ரைசர் அந்தச் சாய்விலேயே ஏறுகிறது. சாய்வு 26 பாகை என்று வைத்தால் 20 மி.மீ. ரைசரில் கைப்பிடி 18 மி.மீ. உயர்ந்து, 9 மி.மீ. பின்னால் வருகிறது. இந்தப் பின்னால் வருவதுதான் முதுகுக்குச் சுகம், உயரம் இரண்டாம்பட்சம். கூடவே ஹேண்டில்பாரைச் சற்றுப் பின்னால் சுழற்றியும் வைத்தேன்.

போல்ட் புதிதாக வாங்கினேன், தலையில் 8.8 என்று பொறித்தது, 55 மி.மீ. மூடிக்கு 20, ரைசருக்கு 20, மிச்சம் 15. பழைய அளவு திரும்பி வந்துவிட்டது. பளபளப்புக்காக ஸ்டெயின்லெஸ் ஆலன் போல்ட் போடுகிறார்கள். சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் 8.8-ஐவிட வலு குறைந்தது, இந்த இடத்துக்கு வேண்டாம். நீளம் அதிகமானாலும் ஆபத்துதான். உங்கள் டீயில் துளை அடியில் மூடியிருந்தால் ஒரு ஈர்க்குச்சியை விட்டு ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். போல்ட் அடியில் போய் முட்டினால் கையில் இறுகின மாதிரி தெரியும், ஆனால் ஹேண்டில்பாரை எதுவும் பிடித்திருக்காது. நாலு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 20 நியூட்டன் மீட்டர் வைத்தேன். கைப்பலத்தில் இறுக்குவதில்தான் பாதி மரைகள் போகின்றன.

இனி கேபிள்கள். ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். கார்புரேட்டர் உள்ள மற்ற பெரும்பாலான வண்டிகளில் ஆக்சிலேட்டர் கேபிள் அதற்கு மட்டும் போகும். இது டூ ஸ்ட்ரோக், பெட்ரோலோடு சேர்ந்து எரியும் ஆயிலுக்குத் தனி பம்ப் உள்ள வண்டி. ஆக்சிலேட்டரிலிருந்து வரும் ஒரு கேபிள் வழியில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கார்புரேட்டருக்கும் மற்றொன்று ஆயில் பம்புக்கும் போகிறது. ஹேண்டில்பார் உயர்ந்து கேபிள் விறைத்தால் இரண்டுமே இழுபடும். கார்புரேட்டர் பக்கம் இழுபட்டால் ஹேண்டிலைத் திருப்பும்போது இன்ஜின் தானாக உறுமும், சந்தில் யூ டர்ன் எடுக்கும்போது அது விபத்து. அதைச் சரிக்கட்ட ஏதோ ஒரு அட்ஜஸ்டரைத் திருகினால், பம்ப் பக்கம் கேபிள் லூஸாகி ஆயில் குறையலாம். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், ஓடும் வண்டியில் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். 30 மி.மீ. ரைசர் போட்ட அந்த எட்டு நாளும் நான் இடது பக்கம் முழுதாகத் திருப்பும்போது ஐட்லிங் ஏறிக்கொண்டுதான் இருந்தது. கார்புரேட்டர் டியூனிங் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இந்தத் தடவை டேங்கைக் கழற்றி, கேபிள் ஓடும் பாதையை அவிழ்த்து, ஹெட்லைட்டுக்குப் பின்னால் தேவையில்லாமல் ஒரு சுற்று சுற்றி வந்ததை நேராக்கினேன். அதிலேயே இரண்டு அங்குலம் மிச்சமானது. பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்பினேன். சத்தம் மாறவே இல்லை. பம்ப் மூடியைத் திறந்து, புல்லியில் இருக்கும் குறி மேனுவலில் சொன்னபடி ஆணிக்கு நேராக வருகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். கிளச் கேபிளுக்கு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. முன் பிரேக் டிரம் என்பதால் அதுவும் கேபிள்தான். அட்ஜஸ்டர் நட்டை நாலு சுற்றுத் தளர்த்த வேண்டி வந்தது. டிஸ்க் பிரேக் வண்டியாக இருந்தால் ஹோஸ் நீளம்தான் முதல் கேள்வி. முழுக்கத் திருப்பி, ஃபோர்க்கும் முழுக்க நீண்ட நிலையில் ஹோஸ் விறைத்து நின்றால், நீள ஹோஸ் வாங்காமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

வயரிங் சின்ன வேலை. சுவிட்சிலிருந்து ஹெட்லைட் கிண்ணத்துக்குள் போகும் வயர்கள் வலது பக்கம் திருப்பினால் கம்பி மாதிரி விறைத்தன. கட்டியிருந்த டேப்பை அறுத்து, கிண்ணத்துக்குள் சுருண்டு கிடந்ததை வெளியே இழுத்துவிட்டேன். கையோடு ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங்கான கோன் செட்டையும் பார்த்தேன். மேல் டீயைக் கழற்றினால் கோன் நட் இறுக்கம் மாறியிருக்கும், அதைச் சரிபார்க்காமல் மூடினால் ஹேண்டில் ஆடுவதற்கு ரைசரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. ஹேண்டில்பார் உயரம் என் பதிவுச் சான்றில் எங்கும் இல்லை. ஆனாலும் ஃபிரேமையோ டீயையோ அறுக்காமல், பழைய 35 மி.மீ. போல்ட்டைப் போட்டால் அரை மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும்படிதான் செய்திருக்கிறேன். அந்த நாலு போல்ட்டும் ஒரு டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன.

ஓட்டிப் பார்த்ததில் முதலில் தெரிந்தது முன் பக்கத்தின் லேசு. வண்டியே 103 கிலோதான். என் எடை கொஞ்சம் பின்னால் போனதும் முன் சக்கரத்தின் அழுத்தம் குறைகிறது. 60 வரை ஒன்றும் தெரியவில்லை. 75-க்கு மேல் எதிர்க்காற்றில் ஹேண்டில் முன்பைவிட மிதக்கிற மாதிரி இருக்கிறது, நெஞ்சில் காற்றும் அதிகம். நான் அந்த வேகத்தில் போவதில்லை என்பதால் எனக்குச் சரி. 20 மி.மீ.யிலேயே இவ்வளவு தெரிகிறது. இந்த எடை வண்டிக்கு 50 மி.மீ. ரைசர் போடுகிறவர்களைப் பார்த்தால் நிறுத்திப் பேச வேண்டும் போலிருக்கிறது.

புதிய மார்க்கர் கோடுகள் இழுத்து, 50 கிலோமீட்டரில் ஒரு முறை, 500-இல் ஒரு முறை டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்தேன். 50-இல் முன் போல்ட் இரண்டும் கால் சுற்றுக்கும் குறைவாக நகர்ந்தன, புது அலுமினியம் படிந்திருக்கும். 500-இல் எதுவும் நகரவில்லை. போன ஞாயிறு ஆனைகட்டி போய்வந்தேன். வழியில் ஒரு வளைவில் மாடு குறுக்கே வந்து, முன் பிரேக்கை முழுதாகப் பிடிக்க வேண்டியிருந்தது. நிறுத்தி இறங்கி முதலில் இடது பக்கக் கோட்டைத்தான் பார்த்தேன். மூடியிலிருந்து டீ வரை ஒரே கோடாக இருந்தது.